தன்மை நாற்காலி

தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்வது பழைய சங்கதி. கவிழ்ந்ததைச் சொல்லும் முறையில்தான் கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்தது புதிய சங்கதி.

கண்டுபிடித்தவர் பேராசிரியர் முனைவர் மாதவராஜ். கதையிலும் சினிமாவிலும் யார் கண்ணால் பார்க்கிறோம், யார் வாயால் கேட்கிறோம் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஒரு விபத்தை டீக்கடைக்காரர் ஒரு மாதிரி சொல்கிறார், பஞ்சர் கடைக்காரர் வேறு மாதிரி சொல்கிறார், அடிபட்டவர் சொல்வதே இல்லை. ஆகவே சாலையைச் சரிசெய்வதற்கு முன்னால் சாட்சிகளின் கதைசொல்லும் உத்தியைச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு எடுத்துச் சொன்னார். சாலையைச் சரிசெய்வதைவிட இது சுலபமாகத் தெரிந்ததால் மேலிடம் ஒப்புக்கொண்டது. தருமபுரியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்து, 'விபத்துக் கதையாடல் ஆய்வு மன்றம்' என்று பலகை மாட்டினார்கள். இனி எந்த விபத்தில் யார் குற்றம் என்பதை மன்றம் ஆராய்ந்து சொல்லும். மன்றம் சொல்லிவிட்டால் அதுதான் முடிவு.

இந்த மன்றத்துக்குத்தான் இன்னாசியம்மாள் வந்து சேர்ந்தாள்.

அவளுடைய மகன் ஆரோக்கியராஜ் கிரானைட் லோடு ஏற்றிய லாரியோடு இறக்கத்தில் உருண்டு செத்துப்போனான். அவன் மட்டும் செத்திருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். உருண்ட லாரி, முன்னால் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்த கலைமதியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கலைமதி இதே ஊர்ப் பெண். இன்னாசியம்மாளோடு வருஷக்கணக்காகக் களையெடுக்கப் போன கண்ணம்மாளின் ஒரே மகள். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று போலீசில் எழுதியாகிவிட்டது. அன்றிலிருந்து இன்னாசியம்மாள் குழாயடிக்கு வந்தால் கண்ணம்மாள் பாதிக் குடத்தோடு திரும்பிப் போய்விடுவாள்.

இன்னாசியம்மாளுக்கு நடந்தது தெரியும். அன்று காலையில் மகன் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, லாரி முதலாளி பெரியண்ணனோடு பேசினான். பிரேக்கில் காற்று நிற்கவில்லை என்று இவன் சொன்னான். எடு வண்டியை என்று அவர் சொன்னார். கேழ்வரகுக் களியைக் கிளறிக்கொண்டே அவள் அத்தனையும் கேட்டாள். அந்தப் போன் லாரியோடு நசுங்கிப்போனது. கேட்டவள் மட்டும் மிச்சம்.

கண்ணம்மாள் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லியும் பார்த்தாள்.

"பெத்தவ வேற எப்படிச் சொல்லுவ?" என்றாள் கண்ணம்மாள், கதவைப் பாதி சாத்திக்கொண்டு. "எம்மவன் தான் கொன்னான்னா சொல்லுவ? ஆப்பீசருங்க சொல்லட்டும். கேட்டுக்கறன்."

அவ்வளவுதான் இன்னாசியம்மாளுக்கு வேண்டும். யாராவது ஓர் அதிகாரி, கண்ணம்மாள் காதில் விழும்படி, வண்டியை எடுக்கச் சொன்னது இன்னார் என்று சொல்லிவிட வேண்டும்.

மன்றத்தின் விசாரணை அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றுக்கும் பின்னால் அட்டை ஒட்டியிருந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை. தன்மை நாற்காலி மரம். முன்னிலை பிளாஸ்டிக். படர்க்கைக்கு மெத்தையும் சக்கரமும் உண்டு, ஏனென்றால் படர்க்கையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். சாட்சி எந்த இடத்திலிருந்து பேசுகிறாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த நாற்காலியிலிருந்து வந்த சொல்லோ, அந்த இடத்துச் சொல்லாகவே பதிவாகும். இது மன்றத்தின் முதல் விதி.

ஆய்வு உதவியாளர் கோகிலவாணி ஒலிப்பதிவுக் கருவியை அழுத்திவிட்டு, "சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?" என்றாள்.

"வண்டி எடுக்கறதுக்கு முந்தி எம்பையன் ஓனருக்குப் போன் போட்டானுங்க."

"படர்க்கை."

"என்னங்க?"

"பையன் போட்டான்னு சொல்றீங்கல்ல? அந்தச் சேருக்குப் போங்க."

இன்னாசியம்மாள் எழுந்து மெத்தை நாற்காலிக்குப் போனாள். அது சக்கரத்தில் நழுவி அவளைச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்தபடியே சொன்னாள்: "'அண்ணா, பிரேக்குல காத்து நிக்க மாட்டேங்குதுங்ணா. நான் எப்படி எறக்கத்துல எறக்கறது?'ன்னானுங்க."

"நான்னு சொல்லிட்டீங்க. தன்மைக்கு வாங்க."

"அது நானில்லீங்க. எம்பையன்."

"வாயி உங்களுதுதானே?"

"வாயி என்னுதுங்க. பேச்சு அவனுது."

கோகிலவாணி இதை ஒரு கணம் யோசித்தாள். இப்படி ஒரு வகை அவள் படித்த பாடத்தில் இல்லை. "தன்மைக்கே வாங்கம்மா" என்றாள்.

வந்தாள். "'நீ சும்மா நைநைங்காத'ன்னாருங்க ஓனரு."

"முன்னிலை."

போனாள். "அவரு அப்படிச் சொல்லவும் எம்பையன்…"

"படர்க்கை."

இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. கதை இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை; கதை சொல்கிறவள் அதற்குள் தொப்பூர் ஏற்றம் ஏறியவளைப் போல மூச்சு வாங்கினாள்.

"முட்டி புடிச்சுக்கிச்சு சாமி. என்னால முடியாது. எதுனா ஒரு சேர்ல குந்திக்கிட்டுச் சொல்லட்டுங்களா?"

கோகிலவாணி இரக்கமுள்ள பெண். "சரி, பக்கத்துல இருக்கறதுலயே உக்காந்துக்கங்க" என்றாள்.

பக்கத்தில் இருந்தது தன்மை நாற்காலி.

உட்கார்ந்ததும் இன்னாசியம்மாளுக்கு உயிர் வந்தது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, ஒருவர் மறுத்தார், இன்னொருவர் வற்புறுத்தினார் என்றெல்லாம் சொல்ல வராது. மறுத்தவராகவே மாறி மறுப்பார்கள், வற்புறுத்தியவராகவே மாறி வற்புறுத்துவார்கள். சாவு வீட்டில் செத்தவர் குரலில்கூடப் பேசுவார்கள். இன்னாசியம்மாள் மகனாகிக் கெஞ்சினாள். பிறகு தொண்டையைக் கனைத்து, தாடையை முன்னால் தள்ளி, பெரியண்ணன் ஆனாள்.

"'அட எஞ்சாமி! நேத்தும் இதத்தான்டா சொன்ன. பிரேக்கு இல்லீன்னா என்ன, கியர்ல போட்டு உருட்டிக்கிட்டு வா. லோடு நிக்கக் கூடாது. எடுறா ராஜு வண்டிய! வர்றத நான் பாத்துக்கறன்.'"

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அவளுக்கும் பெரியண்ணனைத் தெரியும். மாவட்டத்தில் அவரைத் தெரியாதவர் யார்? "அப்படியே அவராட்டமே பேசறீங்கம்மா!" என்று பாராட்டிவிட்டு, தன்மை என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பேராசிரியரே இன்னாசியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்கள் கூற்றில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது அம்மா. நீங்கள் விபத்தைப் பார்க்கவில்லை."

"பாக்கலீங்க. பேசுனதக் கேட்டனுங்க."

"அதுதான் சிக்கல். பார்வைக் கோணம் என்றால் பார்வை வேண்டும். காதுக்கு நாங்கள் இன்னும் கோணம் வகுக்கவில்லை. அடுத்த கருத்தரங்கில் வகுக்கலாம் என்று எண்ணம்."

"அதுவரைக்கும் காதுல உழுந்தது பொய்யிங்களா?"

"பொய் என்று நான் சொல்வேனா? உண்மை ஒன்று என்று நினைப்பதுதான் பாமரத்தனம். உண்மை மூன்று. குறைந்தபட்சம்."

"எனக்கு ஒண்ணு போதுங்க" என்றாள் இன்னாசியம்மாள்.

பேராசிரியர் புன்னகைத்தார். ஏழைகள் குறைவாகக் கேட்பது அவருக்குப் பிடிக்கும். பிறகு திரையை இறக்கி, மன்றம் எடுத்திருந்த குறும்படத்தைப் போட்டுக் காட்டினார். விபத்தை மூன்று கோணங்களில் படம் பிடித்திருந்தார்கள். முதலில் டிரோனில் மேலேயிருந்து. லாரி தீப்பெட்டி போலவும் ஸ்கூட்டி எறும்பு போலவும் தெரிந்தன. "இது கடவுளின் கோணம். இங்கே யார் மீதும் கோபம் வராது, கவனித்தீர்களா?" என்றார். அடுத்து, தரையில் கேமராவை வைத்து எடுத்தது. அதில் லாரி முதலாளி அலுவலக வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். தேர் போல உயரமாகத் தெரிந்தார். அது பெரியண்ணனேதான். நடிக்க ஆள் கிடைக்காததால் அவரே நடித்துக் கொடுத்தாராம். மூன்றாவதில் லாரிக்குள் ஓர் ஆள் ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. கையில் பாட்டில் இருந்தது.

"அது யாருங்க?"

"உங்கள் மகன். அதாவது, அந்தப் பாத்திரம்."

"எம்பையன் சோடா குடிச்சாலே ஏப்பம் தாங்காம துப்பிருவானுங்க. கையில என்னங்க பாட்டுலு?"

"துயரக் கதையின் நாயகனுக்கு ஒரு குறை வேண்டும் அம்மா. குறையே இல்லாதவன் செத்தால் பார்ப்பவர்களுக்கு மனம் ஒப்பாது. வேறு யார் மேலோ தவறு என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்."

"மூஞ்சியாச்சும் காட்டியிருக்கலாமுங்களே?"

"முகத்தைக் காட்டினால் அனுதாபம் வந்துவிடும். ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டும்."

"ஓனரு மூஞ்சி தெரியுதுங்களே?"

"அவர் உயிரோடு இருக்கிறாரே" என்றார் பேராசிரியர், இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது என்பதுபோல.

இன்னாசியம்மாள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "சார், பாட்டுலு கீட்டுலு எது வேணா வெச்சுக்கங்க. வண்டிய எடுன்னு சொன்னது யாருன்னு மட்டும் சொல்லிருவீங்களா?"

"அதைச் சொல்லத்தானே மன்றம் இருக்கிறது!" என்றார் அவர். "முடிவை வெறுமனே அறிவிக்க மாட்டோம். விழாவாகவே எடுக்கிறோம். ஊர் ஜனங்களை எல்லாம் அழைத்து வாருங்கள்."

அந்த வார்த்தையைச் சேலையில் முடிந்துகொண்டதுபோல் அவள் ஊருக்குப் போனாள். கண்ணம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவிடமே சொன்னாள். "அக்கா, ஆப்பீசருங்க சொல்லப் போறாங்க. நீ வந்து உன் காதால கேளு. எம்பையன் மேல தப்புன்னு அவங்க சொன்னா, நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டன்."

கதவு திறக்கவில்லை. ஆனால் விழா நாளன்று அதே பேருந்தில் கண்ணம்மாள் ஏறினாள். முன் சீட்டில் போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பெரிய பிளக்ஸ். அதில் பேராசிரியர் கன்னத்தில் கை வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார். லாரி அவருடைய காதோரமாகக் கவிழ்ந்துகொண்டிருந்தது. கீழே, மதிய உணவு உபயம் பெரியண்ணன் என்று போட்டிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மின்விசிறியில் அணைந்ததை மறுபடி ஏற்றினார்கள். வரவேற்புரை ஆற்றியவரைப் பாராட்டி ஒருவர் பேச, அவரைப் பாராட்டி வரவேற்றவர் மறுபடி பேசினார்.

பிறகு சிறப்பு விருந்தினர் பெரியண்ணன் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அட எஞ்சாமி, எனக்குப் படிப்பு வராதுங்க. இந்த விபத்து ஆன நாள்லருந்து எனக்கு மனசே செரியில்ல. தூக்கமில்ல. அப்பறம் சாரு வந்து, ஒரு கதைக்குப் பல கோணம் உண்டுன்னு வெளக்குனாரு. அன்னைக்கு ராத்திரிதானுங்க நிம்மதியாத் தூங்குனன். என் கோணத்துல பாத்தா பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க. வண்டிக்குள்ள குந்திப் பாத்தாத்தான் வேற மாதிரி தெரியுது. நான் எதுக்கு வண்டிக்குள்ள குந்தறன்? இப்பேர்ப்பட்ட ஆராய்ச்சி நாட்டுக்கு வேணும். எம்பட லாரி இருபதும் ஓடற வரைக்கும் இந்த மன்றமும் ஓடணும்!"

பலத்த கைதட்டல். பேராசிரியர் முடிவைப் படிக்க எழுந்தார். இன்னாசியம்மாள் கண்ணம்மாளைப் பார்த்தாள். கண்ணம்மாள் இரண்டு வரிசை தள்ளி, காதருகே கையைக் குவித்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்த விபத்தின் மூல காரணம் ஓர் ஆணை" என்று பேராசிரியர் தொடங்கினார். "வண்டியை எடு என்னும் ஆணை. அதைப் பிறப்பித்தது யார்? மன்றம் ஐயத்துக்கிடமின்றிக் கண்டறிந்திருக்கிறது. அந்த ஆணை தன்மை நாற்காலியிலிருந்து ஒலிக்கிறது. அதில் அமர்ந்திருந்தவர் ஒருவரே. ஆகவே, பழுதான வண்டியை இயக்கும்படி மகனை ஏவியது, கதைசொல்லியான தாய் இன்னாசியம்மாளே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தன் பெயரைச் சொன்னதும் தன்னைத்தான் சாட்சி என்று சொல்கிறார்கள் என்று எண்ணிக் கும்பிடுகூடப் போட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

"சான்று ஒலிக்கட்டும்" என்றார் பேராசிரியர்.

கோகிலவாணி பொத்தானை அழுத்தினாள். மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியில் ஒரு கனைப்பு கேட்டது.

"அட எஞ்சாமி! நேத்தும் இதத்தான்டா சொன்ன. பிரேக்கு இல்லீன்னா என்ன, கியர்ல போட்டு உருட்டிக்கிட்டு வா. லோடு நிக்கக் கூடாது. எடுறா ராஜு வண்டிய!"

மண்டபத்தில் இருந்த அத்தனை தலைகளும் மேடையில் இருந்த பெரியண்ணன் பக்கம் திரும்பின. பெரியண்ணனும் துள்ளி எழுந்துவிட்டார். முன்னால் ஒலிவாங்கி இருப்பதை மறந்து கத்தினார்:

"இத எவன்டா ரெக்கார்டு பண்ணது? போனுதான் நசுங்கிப் போச்சுன்னீங்களேடா!"

மண்டபம் அப்படியே நின்றது. சாம்பார் வாளியோடு கடந்துபோனவன்கூட நின்றான். இன்னாசியம்மாள் எழுந்தாள். முடிந்தது, அவர் வாயாலேயே வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எண்ணினாள்.

பேராசிரியர் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா! இதைவிடச் சான்று வேண்டுமா? கதைசொல்லியின் ஆற்றலால், கேட்பவர் தன்னையே பாத்திரமாக எண்ணி மயங்கும் அரிய தருணம்! ஐயா பெரியண்ணன் அவர்கள் எவ்வளவு தேர்ந்த ரசிகர் என்பதை நம் கண் முன்னால் நிரூபித்துவிட்டார்!"

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அடுத்து முன்வரிசை. அடுத்து எல்லாரும். பெரியண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்து, கும்பிட்டார்.

"அய்யோ, அவருதாங்க சொன்னது! அவரே ஒத்துக்கிட்டாருங்களே!" என்று இன்னாசியம்மாள் மேடையை நோக்கி ஓடினாள். கோகிலவாணி குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, கேள்வி நேரம் டீக்கு அப்பறம்."

"நீ எதுர்ல இருந்தியே கண்ணு. அது யார் பேச்சுன்னு உனக்குத் தெரியுமே!"

கோகிலவாணி தரையைப் பார்த்தாள். "தெரியுங்கம்மா. ஆனா சேரு அப்படியாயிருச்சு."

டீக்கு அப்புறம் நன்றியுரை நடந்தது. நன்றியுரைக்கு அப்புறம் கேள்வி கேட்பது மரபில்லை. நடுவில், ஆண்டின் சிறந்த கதைசொல்லி என்று இன்னாசியம்மாளை மேடைக்கு இழுத்து நிறுத்தினார்கள். பெரியண்ணன்தான் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போது அவள் காதருகே குனிந்து, "நெசமாலுமே என்னாட்டமே பேசற ஆத்தா" என்றார். அதைப் போட்டோ எடுத்தார்கள்.

பேருந்து நிலையத்தில் கண்ணம்மாள் சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தாள். இன்னாசியம்மாள் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எட்டத்திலேயே நின்றாள்.

"வா இப்படி" என்றாள் கண்ணம்மாள்.

வந்தாள்.

"அது அவன் பேச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கனைப்பு போதாதா? அவனே எந்திரிச்சு ஒத்துக்கிட்டானே."

"ஆமாக்கா."

"மண்டபத்துல எல்லாருக்குந்தான் தெரிஞ்சுது. ஒருத்தனும் வாயத் தொறக்கல. கை தட்டுனாங்க."

"ஆமா."

"நானும் தட்டுனன்டி, இன்னாசி." கண்ணம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "எல்லாரும் தட்டுறப்ப கை தானா வந்துருச்சு. எம்புள்ளயக் கொன்னவனுக்கு நானும் கை தட்டிட்டு வந்திருக்கறன்."

ஏரியூர் பேருந்து ஒன்று வந்து, ஆட்களைக் கொட்டிவிட்டு, வேறு ஆட்களை அள்ளிக்கொண்டு போனது.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள் கண்ணம்மாள்.

"என்னத்தக்கா?"

"அவன் சொன்னத. அவனாட்டமே சொல்லு."

"வேணாங்க்கா. சொன்னா மறுபடி எம்பேச்சுன்னுதான் சொல்லுவாங்க."

"இங்க எவன் இருக்கறான் எழுதிக்க? சொல்லுடி."

இன்னாசியம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். தாடையை முன்னால் தள்ளினாள். "எடுறா ராஜு வண்டிய. வர்றத நான்…"

கன்னத்தில் பளீரென்று விழுந்தது அறை. வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடித்த கை அந்தரத்திலேயே நின்றது.

"உன்ன அடிக்கல இன்னாசி."

"தெரியுங்க்கா."

"வலிச்சுதா?"

இன்னாசியம்மாள் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எனக்குத்தாங்க்கா வலிச்சுது" என்றாள். "அவனுக்கு எங்க வலிக்குது."